கடனட்டையும் குடும்பக் கணக்கேடும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்கக் குடும்பங்கள் கடனட்டைகளின் பேரில் செலுத்தவேண்டியிருந்த மொத்த நிலுவை 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் கோடி டொலரைத் தாண்டியது. இப்பெருந்தொகை எவ்வாறு திரண்டது என்ற வினாவுக்குப் பொதுவாக அளிக்கப்படும் விடை ஒழுக்கவியல் சார்ந்ததாகும். முன்னோர் கையிலுள்ளதை மட்டும் செலவிட்டுச் சிக்கனமாக வாழ்ந்தனர். பின்வந்தோர் ஆசைக்கு அடிமையாகிக் கடனாளிகளாயினர் என்பதே அவ்விடை. ஆயின் வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. அமெரிக்க நுகர்வுக் கடனின் வரலாற்றை ஆராய்ந்து லெண்டோல் கால்டர் 1999இல் வெளியிட்ட நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பங்களும் கடைக்காரரிடமும் அடகு பிடிப்போரிடமும் உறவினரிடமும் கடன்பட்டே வாழ்ந்தன என்பதை நிறுவியுள்ளது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறையின் காலத்தையே சிக்கனத்தின் பொற்காலமாகக் கருதிவந்துள்ளது என்பதும் அவர் எடுத்துக்காட்டிய உண்மையாகும்.

எனவே கடன் புதியதன்று. புதியதாக அமைந்தது யாது என்பதே வினா. கடனின் கணக்கு எங்கே, யார் கையால், எந்த வடிவில் எழுதப்பட்டது என்ற கோணத்திலிருந்து நோக்கும்போது இதற்கு விடை கிடைக்கின்றது. தன் கடனைத் தானே எழுதி, தானே கூட்டிப் பார்க்கக்கூடிய நிலையிலிருந்த குடும்பம், இருபதாம் நூற்றாண்டின் போக்கில், கடன் கொடுத்தவர் அனுப்பும் கூற்றைப் பார்த்தே தன் நிலையை அறியவேண்டிய ஒன்றாக மாறியது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையையும், அதனை ஈடுசெய்யச் சட்டமும் குடும்பமும் எடுத்த முயற்சிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடைப் புத்தகமும் காசேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்களில் பலசரக்குக் கடைக்காரர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தம் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். பல இடங்களில் அதன் பிரதியொன்று குடும்பத்தின் கையிலும் இருந்தது. இலங்கைக் கிராமக் கடைகளில் வழங்கும் கடன் கொப்பியை ஒத்த அச்சிறு புத்தகத்தில், பொருள் வாங்கும்போதே பெயரும் விலையும் எழுதப்பட்டன. அறுவடையின் பின்னரோ சம்பள நாளன்றோ கணக்குத் தீர்க்கப்பட்டது. இம்முறையில் சுரண்டல் இல்லாமலில்லை. பருத்தி விளைந்த தென் மாநிலங்களில் வாரக் குடியானவரின் கணக்கைக் கடைக்காரரே எழுதினார். கடனுக்கு வாங்கிய பொருளுக்கு அதிக விலையும் இட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் பலரைக் கடன் என்னும் மற்றொரு தளையில் பிணித்தது இக்கணக்கே. கணக்கை எழுதும் கை எவருடையதோ அவருடையதே அதிகாரம் என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் அந்நாட்டு வரலாற்றில் அரிது.

இதே காலத்தில் குடும்ப வரவுசெலவு அறிவியல் ஆய்வுக்குரிய பொருளாகவும் மாறிவந்தது. ஐரோப்பாவில் பிரெடறிக் லெ பிளே 1855இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைத் தொகுத்து வெளியிட்டார். அத்தரவுகளையும் ஆராய்ந்த ஏர்ண்ஸ்ற் ஏங்கல், வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்ற தம் விதியை 1857இல் வகுத்தார். அமெரிக்காவில் எலன் றிச்சர்ட்ஸ் முதலியோர் 1899 தொடக்கம் நடத்திய லேக் பிளசிட் மாநாடுகளிலிருந்து மனையியல் ஒரு துறையாக உருப்பெற்றது. குடும்பத் தலைவி நாள்தோறும் செலவை எழுதவேண்டும், உணவு, வாடகை, உடை எனப் பிரிக்கவேண்டும், மாத முடிவில் திட்டத்துடன் ஒப்பிடவேண்டும் என மனையியலார் வற்புறுத்தினர்.

எழுதத் தெரியாத வீடுகளிலும் கணக்கு இருந்தது. சமூகவியலாளர் விவியானா செலிசர் காட்டுவதுபோல, தொழிலாளர் குடும்பப் பெண்கள் வாடகைக்கு ஒரு தகரப்பேணி, நிலக்கரிக்கு ஒரு பேணி, காப்புறுதித் தவணைக்கு ஒரு உறை எனச் சம்பளக் காசைப் பிரித்துவைத்தனர். பேணி வெறுமையானால் அச்செலவு நின்றது. காசும் கணக்கும் ஒன்றாயிருந்த நிலை இதுவாகும்.

கடனட்டை என்ற சொல்லை முதன்முதலாகப் பிரபலப்படுத்திய நூலும் இக்காலத்ததே. எட்வேட் பெலமி 1888இல் வெளியிட்ட எதிர்காலக் கற்பனை நாவலில், நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய பங்கு ஆண்டுதோறும் ஓர் அட்டையில் வழங்கப்படுகின்றது. அட்டையில் கட்டங்கள் உள. பொருள் வாங்குந்தோறும் அதன் பெறுமதிக்குரிய கட்டங்களை எழுதுவினைஞர் துளையிட்டுக் கழித்துவிடுகிறார். செலவானது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பது அட்டையைப் பார்த்த அளவிலேயே தெரிகின்றது. பெலமி கண்ட அட்டை தன் கணக்கைத் தன்மேலேயே தாங்கியது. பின்னர் நடைமுறைக்கு வந்த அட்டையோ பெயரையும் இலக்கத்தையும் மட்டுமே தாங்கியது. கணக்கு வேறோரிடத்தில் இருந்தது. கற்பனைக்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் இவ்வரலாற்றின் திறவுகோல் இதுவே எனலாம்.

2. முடிவுள்ள கடன்

கடைக் கடனுக்கும் கடனட்டைக்கும் இடைப்பட்ட கட்டம் தவணைக் கடனாகும். தையல் இயந்திரம் விற்ற சிங்கர் கம்பனி 1850களிலேயே தவணை முறையைக் கையாண்டது. தளபாடம், பியானோ முதலியனவும் அவ்வாறே விற்கப்பட்டன. 1919இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் மோட்டார் வண்டி விற்பனைக்கெனத் தனியான நிதிக் கம்பனியொன்றை நிறுவியதைத் தொடர்ந்து தவணைக் கடன் நடுத்தர வகுப்பாரின் வீடுகளிலும் புகுந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் எட்வின் செலிக்மன் 1927இல் தவணை விற்பனை பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டு, நுகர்வுக்காகப் பெறும் கடன் எல்லாமே வீண் என்ற பழைய கருத்தை மறுத்தார்.

குடும்பக் கணக்கின் நோக்கில் தவணைக் கடனுக்கு மூன்று சிறப்பியல்புகள் இருந்தன. மாதந்தோறும் செலுத்தவேண்டிய தொகை மாறாதது. செலுத்தி முடிக்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தது. ஒவ்வொரு கடனும் ஒரு பொருளுடன் பிணைந்திருந்தது. இவற்றால் அக்கடன் வாடகையைப்போலவே வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியாக அமைய முடிந்தது. பத்துத் தவணையில் ஆறு கட்டியாயிற்று என்றால் எஞ்சியது நான்கு என்பதை அறியக் கணக்கியற் புலமை தேவையில்லை. தவணைக் கடன் மக்களை ஊதாரிகளாக்கவில்லை, மாறாக மாதாமாதம் ஒழுங்காகக் கட்டும் கட்டுப்பாட்டையே அவர்மீது சுமத்தியது என்பது கால்டரின் வாதமாகும். வட்டி மறைக்கப்பட்டிருந்தமையும், ஒரு தவணை தவறினும் பொருள் பறிமுதலானமையும் இம்முறையின் குறைகளாம். ஆனால் கடனின் அளவும் முடிவும் கடனாளியின் கண்ணுக்குப் புலப்பட்டன.

3. சுழற்கடனின் தோற்றம்

பெருநகரங்களின் பல்பொருட் கடைகள் தம் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளருக்குக் கணக்குவைக்கும் வசதி அளித்துவந்தன. அவர்களை அடையாளங் காண்பதற்கு உலோக வில்லைகளும், 1920களின் பிற்பகுதி முதல் பெயர் பொறித்த சிறு உலோகத் தகடுகளும் பயன்பட்டன. ஆயினும் மாத முடிவில் முழுத் தொகையையும் தீர்க்கவேண்டும் என்பதே விதியாயிருந்தது. இவ்விதியை நெகிழச் செய்தது சுழற்கடன் ஆகும். நிலுவையின் ஒரு பகுதியைக் கட்டினாற் போதும்; எஞ்சியதற்கு வட்டி ஏறும்; எல்லைக்குட்பட்டு மேலும் வாங்கலாம். 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் சில பெருங்கடைகள் இம்முறையைப் புகுத்தின.

இதன் பரவலுக்குப் போர்க்காலச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. பணவீக்கத்தைத் தடுக்கும் பொருட்டு அமெரிக்க மத்திய வங்கி 1941இல் பிறப்பித்த ‘டபிள்யூ’ ஒழுங்குவிதி, தவணை விற்பனைக்கு இழிவு முற்பணத்தையும் உச்சக் காலவெல்லையையும் விதித்தது. 1942இல் கடைகளின் மாதக் கணக்குகளும் அதன் வரம்புக்குட்பட்டன. தவணைக் கடனுமல்லாத, மாதக் கணக்குமல்லாத சுழற்கடனை வணிகர் விரும்பி வளர்த்தமைக்கு இவ்விதியின் இடுக்குகளூடாகத் தப்பும் முயற்சியே பின்னணி என வரலாற்றாசிரியர் லூயிஸ் ஹைமன் விளக்குகின்றார். கடனைக் கட்டுப்படுத்த எழுந்த விதி முடிவற்ற கடனுக்கு வழிவகுத்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

1950இல் நியூயோர்க்கில் தோன்றிய டயினர்ஸ் கிளப் அட்டை பல வணிக நிலையங்களுக்குப் பொதுவானது. எனினும் மாதந்தோறும் முழுத் தொகையையும் தீர்க்கவேண்டியது. பொது அட்டையையும் சுழற்கடனையும் பரந்த அளவில் இணைத்தது பாங்க் ஒவ் அமெரிக்கா ஆகும். 1958 செப்டெம்பரில் அவ்வங்கி கலிபோர்ணியாவின் பிறெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 அட்டைகளை, எவரும் கேளாமலேயே, அஞ்சலில் அனுப்பிவைத்தது. கடனெல்லை 300 முதல் 500 டொலர் வரை. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை, அதாவது ஆண்டுக்கு 18. கணக்குகளுள் நூற்றுக்கு நான்கு அளவிலேயே கட்டணம் தவறும் என வங்கி எதிர்பார்த்தது. தவறியனவோ நூற்றுக்கு 22. தொடக்க நட்டம் பெரிதாயினும் 1961அளவில் திட்டம் இலாபம் காட்டத் தொடங்கியது. பின்னாளில் விசா எனப் பெயர்பெற்றது இவ்வட்டையே. அதற்குப் போட்டியாக 1966இல் அமைந்த வங்கிகளின் கூட்டு, மாஸ்ரர் சார்ஜ் என்ற பெயரில் தன் அட்டையை வழங்கியது. 1970இல் அமெரிக்கக் குடும்பங்களுள் நூற்றுக்கு 16 வங்கி அட்டை வைத்திருந்தன. 1998இல் இது 68 ஆக உயர்ந்தது.

4. காசேட்டின் தோல்வி

மனையியலார் கற்பித்த குடும்பக் கணக்கு அடிப்படையில் ஒரு காசேடு ஆகும். கைக்கு வந்த காசு ஒரு புறம், கையைவிட்டுச் சென்ற காசு மறுபுறம். பொருளை நுகரும் நேரமும் காசு கொடுக்கும் நேரமும் ஒன்றாயிருக்கும்வரை அது போதுமானது. கடனட்டை இவ்விரண்டையும் பிரித்தது. அந்தப் பிளவில் காசேடு செயலிழந்தது.

ஓர் எளிய உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு குடும்பம் மார்ச் மாதத்தில் 40 டொலருக்கு உடைகளை அட்டையில் வாங்கி, ஏப்பிரிலில் வந்த கூற்றுக்கு 10 டொலர் கட்டுகின்றது எனக் கொள்வோம். காசேட்டில் மார்ச் மாதத்தில் எப்பதிவும் இல்லை. ஏப்பிரிலில் ‘அட்டைக்கு 10’ என்று மட்டும் இருக்கும். உடை என்ற செலவு மறைந்துபோகின்றது. எஞ்சிய 30 டொலர் கடன் ஏட்டின் எப்பக்கத்திலும் இல்லை. இக்குறையை நீக்க எண்ணி மார்ச்சில் ‘உடை 40’ என்றும் ஏப்பிரிலில் ‘அட்டைக்கு 10’ என்றும் எழுதினாலோ, செலவு 50 எனக் கூட்டுத்தொகை காட்டும். ஒரே செலவின் ஒரு பகுதி இருமுறை எண்ணப்பட்டுவிடும். முதலாவது ஏடு கடனை மறைக்கின்றது. இரண்டாவது செலவை மிகைப்படுத்துகின்றது. இரண்டுமே குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை.

இதற்குத் தீர்வு வணிகருக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்ததே. 1494இல் லூகா பாசியோலி தம் கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின்படி, உடை வாங்கிய அன்றே ‘உடை’ என்ற செலவில் 40உம் ‘அட்டை’ என்ற பொறுப்பில் 40உம் பதியப்படும். 10 டொலர் கட்டும்போது பொறுப்பு 30 ஆகக் குறையும். காசும் 10 குறையும். செலவில் எம்மாற்றமும் நிகழாது. வட்டி ஏறின் அது மட்டும் தனிச் செலவாகப் பதியப்படும். செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற இரு வினாக்களுக்கும் ஏடு தனித்தனியே விடை தரும்.

வங்கியின் கணக்கு இம்முறையில் எழுதப்பட்டது. வீட்டின் கணக்கு காசேடாகவே நின்றது. ஒரே கொடுக்கல் வாங்கலை இரு தரப்பாரும் இருவேறு தரமான கருவிகளால் அளந்தனர். சுழற்கடனின் மற்றொரு விதியும் இவ்வேறுபாட்டைப் பெருக்கியது. முழு நிலுவையையும் தீர்ப்பவருக்கு வட்டியில்லாத சில வார அவகாசம் உண்டு. நிலுவையை மிச்சம் வைத்தவரோ பொதுவாக அச்சலுகையை இழந்து, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி செலுத்தவேண்டும். ஆகவே ஒரே விலையுள்ள பொருள் இரு வீடுகளில் இருவேறு விலை பெற்றது. இதனைக் காசேட்டில் எவராலும் காண இயலாது.

5. கூற்றும் சட்டமும்

குடும்பத்தின் ஏடு செயலிழந்த நிலையில், வங்கி அனுப்பும் மாதாந்தக் கூற்றே கணக்காயிற்று. ஆரம்ப காலத்தில் கூற்றுடன் வாடிக்கையாளர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டுகளின் பிரதிகளும் அனுப்பப்பட்டன. அவற்றை மேசைமீது பரப்பி, எது யார் வாங்கியது என வீட்டார் சரிபார்க்க முடிந்தது. கணக்குகள் பெருகக் கடதாசிகளைத் தரம்பிரித்து அனுப்புதல் பெருஞ் செலவாகியது. 1970களில் வங்கி அட்டைகள் சீட்டுகளை நிறுத்தி, திகதி, கடையின் பெயர், தொகை ஆகியவற்றைக் கணினியில் அச்சிட்டு அனுப்பும் முறைக்கு மாறின. வங்கிக்கு இது சிக்கனம். குடும்பத்துக்கோ தன் கையெழுத்துள்ள சான்று இல்லாமற் போயிற்று.

இப்பின்னணியிலேயே 1960களிலும் 1970களிலும் நிறைவேறிய சட்டங்களை நோக்கவேண்டும். பொருளியற் பேராசிரியராயிருந்து இலினோய் மாநிலச் செனற்றரான போல் டக்ளஸ், கடனின் உண்மை வட்டிவீதத்தை வெளிப்படுத்தவேண்டும் என்ற மசோதாவை 1960இல் கொண்டுவந்தார். கடன் வழங்குவோரின் எதிர்ப்பால் அது ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அவர் 1966இல் தேர்தலில் தோல்வியுற்றபின் வில்லியம் புறொக்ஸ்மயர் அதனை முன்னெடுக்க, 1968 மே மாதத்தில் சட்டமாகியது. மாதத்துக்கு ஒன்றரை எனச் சிறிதாகத் தோன்றிய வீதம் இனி ஆண்டுக்கு 18 எனவும் காட்டப்படவேண்டியதாயிற்று. கேளாமல் அட்டை அனுப்புவது 1970இல் தடைசெய்யப்பட்டது. 1974இன் சட்டம், கூற்றிலுள்ள பிழையை 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும் விசாரணை முடியும்வரை அத்தொகையைச் செலுத்தாதிருக்கவும் உரிமை வழங்கியது.

அதே 1974இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் குடும்பக் கணக்கின் வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது. வீட்டுக் கணக்கை எழுதியவள் பெரும்பாலும் மனைவி. கடன் கணக்கோ கணவன் பெயரில் இருந்தது. மணமான பெண்களின் விண்ணப்பங்களைக் கணவனின் ஒப்பமின்றி ஏற்க வங்கிகளும் கடைகளும் மறுத்தன. விவாகரத்தின் பின்னரோ கணவன் இறந்த பின்னரோ, ஆண்டுக்கணக்காகக் கடனை ஒழுங்காகத் தீர்த்துவந்த பெண்ணுக்குத் தன் பெயரில் எவ்விதக் கடன் வரலாறும் இருக்கவில்லை. நுகர்வோர் நிதி பற்றிய தேசிய ஆணைக்குழு 1972இல் நடத்திய விசாரணைகள் இவற்றை வெளிக்கொணர்ந்தன. பால், விவாக நிலை ஆகியவற்றின் அடிப்படையில் கடன் மறுப்பதை 1974இன் சம கடன் வாய்ப்புச் சட்டம் தடைசெய்தது. கணக்கை எழுதியவர் கணக்கின் சொந்தக்காரராகவும் ஆகும் உரிமையை இச்சட்டம் வழங்கியது எனலாம்.

6. குறைந்தபட்சக் கொடுப்பனவு

1978 டிசெம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றம் மார்க்கற் வங்கி வழக்கில் அளித்த தீர்ப்பு நிலைமையை மீண்டும் மாற்றியது. தேசிய வங்கியொன்று தான் அமைந்துள்ள மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட வட்டியைப் பிற மாநிலத்தாரிடமும் அறவிடலாம் என்பதே தீர்ப்பு. தென் டகோட்டா மாநிலம் 1980இல் வட்டி உச்சவரம்பை நீக்கியது; நியூயோர்க்கின் சிற்றிபாங்க் தன் அட்டைப் பிரிவை அங்கு மாற்றியது. மாநிலங்களின் வட்டிச் சட்டங்கள் இதனால் வலுவிழந்தன.

1980 மார்ச்சில் சனாதிபதி காட்டர் பணவீக்கத்தை அடக்கக் கடன் கட்டுப்பாடுகளை அறிவித்தபோது, மக்களிற் சிலர் தம் அட்டைகளை வெட்டி வெள்ளை மாளிகைக்கு அனுப்பினர். நுகர்வு எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. ஜூலையில் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. வெட்டுண்டது அட்டையே, அதன் நிலுவை வங்கியின் பேரேட்டில் அப்படியே இருந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் மிக ஆழமான மாற்றத்தை விளைவித்தது கூற்றிலுள்ள ஒரு சிறு வரி. அதுவே குறைந்தபட்சக் கொடுப்பனவு. ஒரு காலத்தில் நிலுவையின் நூற்றுக்கு ஐந்து அளவில் இருந்த இத்தொகை பல வங்கிகளில் நூற்றுக்கு இரண்டாகக் குறைக்கப்பட்டது. இது கடனாளிக்குச் சலுகைபோலத் தோன்றியது. கணக்கோ வேறு கதை கூறுகின்றது. ஆண்டுக்கு 18 வீத வட்டியில் 1,000 டொலர் நிலுவை உள்ளது எனக் கொள்வோம். முதல் மாத வட்டி 15 டொலர்; குறைந்தபட்சக் கொடுப்பனவு 20 டொலர்; கடனில் குறைவது 5 டொலர். புதிதாக எதுவும் வாங்காமல் மாதந்தோறும் நிலுவையின் நூற்றுக்கு இரண்டையே கட்டிவரின் அந்நிலுவை பாதியாவதற்கே பதினொன்றரை ஆண்டு செல்லும். குறையும் நிலுவையுடன் கட்டுந்தொகையும் குறைந்துகொண்டே செல்வதே இதற்குக் காரணம். தொகையைக் குறைக்காமல் மாதம் 20 டொலரே கட்டின் ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டில் கடன் தீரும். வட்டி 860 டொலர் அளவாகும். மாதம் 50 டொலர் எனக் கட்டின் 24 மாதத்தில் தீரும். வட்டி 200 டொலருக்குச் சற்றுக் குறைவு. தவணைக் கடனில் இயல்பாகவே இருந்த முடிவு, சுழற்கடனில் கடனாளி தானே உண்டாக்கிக்கொள்ளவேண்டிய ஒன்றாயிற்று.

7. வெளிப்படுத்தலின் எல்லை

2008இன் நிதி நெருக்கடிக்குப் பின், 2009 மே மாதத்தில் நிறைவேறிய கடனட்டைச் சட்டம் இக்கணக்கைக் கூற்றிலேயே அச்சிடுமாறு பணித்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு, 36 மாதத்தில் தீர்ப்பதாயின் மாதம் எவ்வளவு என்பன 2010 முதல் கூற்றுகளில் இடம்பெற்றன. கட்டணங்களுக்கும் வட்டி உயர்வுக்கும் அச்சட்டம் வரம்புகளையும் விதித்தது.

இதன் விளைவைச் சுமித் அகர்வால் முதலிய நால்வர் பெருந்தொகையான கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். கட்டண வரம்புகளால் நுகர்வோர் ஆண்டொன்றுக்கு 1,190 கோடி டொலர் மிச்சப்படுத்தினர் என அவர்கள் மதிப்பிட்டனர். ஆனால் 36 மாதக் கணக்கை அச்சிட்டதன் பயன் மிகச் சிறிதே. அத்தொகையைக் கட்டத் தொடங்கிய கணக்குகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விலையைக் கட்டுப்படுத்திய விதி பலித்தது. தகவலைக் கொடுத்த விதி பெரிதும் பலிக்கவில்லை.

மற்றொரு ஆய்வு இதனைத் தெளிவுபடுத்துகின்றது. நியூயோர்க் மத்திய வங்கிக் கிளையின் ஆய்வாளர், குடும்பங்கள் கருத்தாய்வில் தாமே கூறிய கடனையும் கடன் கொடுத்தோர் பதிவுசெய்த கடனையும் ஒப்பிட்டனர். வீட்டு ஈடு, வாகனக் கடன் முதலியவற்றில் இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. கடனட்டையில் மட்டும் குடும்பங்கள் கூறிய தொகை கணிசமாகக் குறைந்திருந்தது. மாறாத தவணையும் முடிவும் உள்ள கடனை மக்கள் அறிந்திருந்தனர், சுழற்கடனை அறிந்திருக்கவில்லை. அறியாமை மனிதரிடத்தில் இருந்திருப்பின் எல்லாக் கடன்களிலும் அது வெளிப்பட்டிருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் வெளிப்பட்டமை, மறைப்பு அக்கடனின் வடிவத்திலேயே உள்ளது என்பதற்குச் சான்றாகும். வெட்கத்தால் குறைத்துக் கூறியோரும் இருந்திருக்கலாம் எனினும், வெட்கம் மட்டுமே முழு வேறுபாட்டையும் விளக்குமா என்பது ஐயத்துக்குரியது.

8. வீட்டுக்குத் திரும்பிய பேரேடு

1983இல் கலிபோர்ணியாவில் தொடங்கப்பட்ட இன்ருயிற் கம்பனியின் குவிக்கன் என்னும் மென்பொருள், காசோலைப் பதிவேட்டை ஒத்த வடிவில் குடும்பக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதன் வளர்ச்சியில் அட்டை ஒரு தனிக் கணக்காக, கட்டவேண்டிய பொறுப்பாகப் பதியப்பட்டது. அட்டைக்குக் கட்டும் பணம் செலவு அன்று, ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் தொகை என்ற இரட்டைப் பதிவின் கோட்பாடு, அப்பெயரை அறியாத வீடுகளிலும் இவ்வாறு வழக்கிற்கு வந்தது. பின்னர் எழுந்த திட்டமிடல் முறைகள் பழைய தகரப்பேணியையும் இதனுடன் இணைத்தன. அட்டையில் 40 டொலருக்கு உடை வாங்கிய அன்றே உடைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து 40ஐ எடுத்து, அட்டைக்குக் கட்டவேண்டியது எனத் தனியே வைப்பதே அம்முறை. கூற்று வரும்போது அது புதிய செய்தியாக இராது. வீட்டார் எழுதிய கணக்கைச் சரிபார்க்கும் பிரதியாகவே இருக்கும்.

ஆயினும் ஏடு எல்லாவற்றையும் தீர்க்கும் எனக் கருதலாகாது. வங்கிச் சேமிப்பில் பணம் இருக்கவே உயர்வட்டி அட்டைக்கடனையும் சுமக்கும் குடும்பங்கள் பல என்பதைப் பொருளியலாளர் கண்டுள்ளனர். ஒரே குடும்பத்தினுள் கணக்காளர் ஒருவரும் கொள்வனவாளர் ஒருவரும் இருப்பதாகவும், மற்றவரின் செலவை அடக்கவே முதலாமவர் நிலுவையை முழுதும் தீர்க்காது விடுவதாகவும் பேர்ட்டோ, ஹாலியாசோஸ், றைற்றர் ஆகியோர் 2009இல் விளக்கமளித்தனர். எழுதப்பட்ட கணக்கு குடும்பத்தினுள் பேசப்படாதவிடத்து அது அரைக் கணக்கே. அன்றியும், மருத்துவச் செலவாலோ வேலையிழப்பாலோ அட்டையை நாடியவருக்குக் கணக்கு கடனின் அளவைக் காட்டுமேயன்றி அதனைத் தீர்க்கும் வருமானத்தைத் தராது.

தொகுத்து நோக்குமிடத்து, அமெரிக்கக் குடும்பத்தின் அட்டைக்கடன் பண்பின் வீழ்ச்சியால் விளைந்தது எனும் கூற்று வரலாற்றோடு பொருந்தவில்லை. கடைப் புத்தகத்திலும் தவணைச் சீட்டிலும் தன் கடனைக் கண்ட அதே மக்கள், கடன் முடிவற்ற வடிவம் பெற்று, அதன் பேரேடு வங்கிக்குச் சென்றபோது அதனைக் காணாதவராயினர். பண்ணைக் கடைக்காரரின் பேரேடு முதல் வங்கியின் கூற்று வரை, கடன் கொடுத்தவர் மட்டும் எழுதிய கணக்கு கடன்பட்டவருக்குப் பாதகமாகவே முடிந்துள்ளது. சட்டம் வட்டியையும் கட்டணத்தையும் கட்டுப்படுத்தலாம். அது இன்றியமையாதது என்பதை 2009இன் பின்னரான அனுபவம் காட்டுகின்றது. ஆனால் பொருள் வாங்கிய அன்றே அக்கடனைத் தன் ஏட்டில் தன் கையால் எழுதும் பணியைக் குடும்பத்துக்காக வேறெவரும் செய்யமாட்டார்.